அனுமன் நதிக்கரைக் குளத்து நாடு

குற்றாலத்துக்குச் செல்லும் யாத்திரிகர்களில் மிகப் பெரும்பாலோர் பேரருவியில் தலை நனைத்து, ஐந்தருவியில் சற்று நின்று, குற்றாலநாதரையும் சித்திர சபையையும் தரிசித்து, கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அருவியாய் விழுந்த அந்த ஜலம் அதற்குப் பிறகு எங்கே போகிறது, எந்த ஊர் வயலில் நெல்லாகிறது, எந்த ஊர்க் கிணற்றில் ஊற்றாகிறது என்று விசாரிக்க அவர்களுக்கு அவகாசம் இருப்பதில்லை. மலை நீரின் போக்கை விசாரித்துக்கொண்டு மலையடிவாரத்தின் வழியே செங்கோட்டையையும் பண்பொழியையும் கடந்து வடக்கே சென்றால், தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் நெல்வயல்களும் சூழ்ந்த வடகரை என்னும் ஊரை அடையலாம். தென்காசி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், சஹ்யாத்திரி என்னும் மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழல் மாலையில் வந்து விழும் தூரத்தில் அமைந்த ஊர் அது. அங்கிருந்து கிழக்கே இலத்தூர் வரைக்கும், தெற்கே இலஞ்சி வரைக்கும் விரிந்து கிடக்கும் பூமியைக் குளத்து நாடு என்று சொல்வது முற்றிலும் பொருந்தும். இந்த நாட்டின் உண்மையான ஐசுவரியம் மலையிலிருந்து விழும் அருவிகளில் மாத்திரம் இல்லை. விழுந்த நீரை ஊருக்கு ஊர் பகிர்ந்து நிறுத்திவைத்த குளங்களிலேயே அது பெரிதும் இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இப்பிரதேசத்தின் இயற்கை அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கே உயர்ந்த சிகரங்களோடு வரும் மேற்குத் தொடர்ச்சி மலை, செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு என்னும் இடத்தில் தாழ்ந்து ஒரு கணவாயாக வழிவிடுகிறது. 1904-ஆம் ஆண்டில் செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ரயில் பாதை போட்டவர்கள் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்னரே தென்மேற்குப் பருவக்காற்றும் இதே வழியைத்தான் தேர்ந்துகொண்டது. ஜூன் மாதத்தில் மலையாளக் கரையில் இறங்கும் பெருமழையின் ஒரு பங்கு இந்தக் கணவாயின் ஊடே காற்றோடு கலந்து சிதறிவந்து, தென்காசி வட்டாரத்தில் பூந்தூறலாக விழுகிறது. தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகள் பல ஆனி ஆடியில் வெக்கையால் வாடிக் கிடக்க, இங்கே வெயிலும் தூறலும் மாறி மாறி வந்து உடம்பையும் மனத்தையும் குளிர்விக்கும். இந்தத் தூறலுக்குச் சாரல் என்று பெயர். அது விழும் மாதங்களைச் சீசன் என்று பாமரரும் படித்தவரும் ஒருங்கே சொல்வார்கள். பின்னர் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் தன் பங்கைக் கொடுக்கும். இரண்டு மழையும் வாய்த்த பூமியாதலால் சாகுபடியும் இரண்டு: தென்மேற்குப் பருவத்து நீரைக்கொண்டு விளைவது கார், வடகிழக்குப் பருவத்து நீரைக்கொண்டு விளைவது பிசானம்.

ஆனால் மழை எவ்வளவு பெய்தாலும், செங்குத்தான மலையிலிருந்து இறங்கும் ஆறு தானாக நின்று ஊருக்கு உபகாரம் செய்வதில்லை. மலையில் பெய்த மழை சில மணி நேரத்துக்குள் சமவெளியில் இறங்கி ஓடிவிடும். அடுத்த வாரம் ஆற்றில் மணல்தான் இருக்கும். அந்தப் பிரவாகத்தை நிறுத்திச் சிறிது சிறிதாகச் செலவு செய்யும் வித்தையை இந்நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கற்றுக்கொண்டார்கள். வடகரைக்கு மேற்கே, மேக்கரை வனப்பகுதியிலிருந்து இறங்கிவரும் அனுமன் நதி அதற்கு நல்ல திருஷ்டாந்தம். இராமபிரானின் தாகம் தீர்ப்பதற்காக அனுமன் பாறையைத் தட்டி உண்டாக்கிய நதி என்று ஐதிகம். மேக்கரையில் அந்நதியின் குறுக்கே இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பயனுக்கு வந்த அடவிநயினார் கோயில் அணை 132 அடி உயரம் நீர் நிற்கக்கூடியது. சீசன் பலமாக இருக்கும் ஆண்டுகளில் அந்த அணை நிரம்பி வழியும் காட்சியைக் காண்பதற்கென்றே சுற்று வட்டார ஜனங்கள் திரண்டு செல்வார்கள். அணைக்குக் கீழே நதியிலிருந்து பிரியும் வாய்க்கால்களை இந்தப் பக்கத்தார் ‘கால்’ என்றே சொல்லுவார்கள். மேட்டுக்கால், கரிசல்கால், பண்பொழிக்கால், வல்லாகுளம் கால், இலத்தூர்க்கால், நயினாகரம் கால், கிளங்காட்டுக்கால், கம்பிளிக்கால், புங்கன்கால், சாம்பவர் வடகரைக்கால் என்று அவற்றின் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே, நதி எந்தெந்த ஊரின் வாசலுக்குப் போகிறது என்ற பூகோள பாடம் ஒன்று நிறைவேறிவிடுகிறது. ஏழாயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட பூமிக்கு இந்தக் கால்களே ஜீவாதாரம். மலையடியில் உள்ள வடகரையும், வெகு தூரம் கிழக்கே சுரண்டைப் பக்கத்தில் உள்ள சாம்பவர் வடகரையும் ஒரே நதியின் நீரைப் பகிர்ந்து உண்ணும் இரண்டு ஊர்கள். இவற்றினிடையே உள்ள ஊர்கள் யாவும் அதே பந்தியில் அமர்ந்தவை. வீரகேரளம்புதூரில் அனுமன் நதி, குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாற்றோடு கலந்து தன் பெயரை இழக்கிறது.

இக்கால்களில் ஓடும் நீர் நேராக வயலுக்குள் பாய்ந்துவிடுவதில்லை. பெரும்பாலும் முதலில் ஒரு குளத்தை நிரப்பும். குளம் என்பது கோயில் தெப்பக்குளத்தைப் போல் நான்கு பக்கமும் படிக்கட்டு உடையது என்று வெளியூர் வாசகர்கள் எண்ணிவிடக்கூடாது; வடபுலத்தார் ஏரி என்று சொல்லுவதைத் திருநெல்வேலிச் சீமையார் குளம் என்பார்கள். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிந்து செல்வதால், சரிவின் கீழ்ப்பக்கத்தில் மாத்திரம் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, உட்புறத்தில் அலை அரிக்காதபடி கல் பாவி, கரைமேல் பனையும் வேம்பும் நட்டுவைத்திருப்பார்கள். மேற்புறம் திறந்தே இருக்கும். காலில் வரும் நீரும் மழை நீரும் அவ்வழியாக உள்வாயில் வந்து பரவும். கரையின் அடியில் வயலுக்கு நீர் விடும் மடைகள் இருக்கும். கரையின் ஓர் ஓரத்தில், நிரம்பிய நீர் கரையை உடைத்துவிடாமல் தானே வழிந்து செல்வதற்காகக் கல்லால் கட்டிய மறுகால் இருக்கும். மறுகாலில் வழியும் நீர் வீணாவதில்லை. அது ஓடை வழியே சென்று அடுத்த குளத்தின் வரத்தாகும். மேல்குளத்தின் மறுகால் கீழ்க்குளத்தின் வாய். கீழ்க்குளத்தின் மறுகால் அதற்கும் கீழுள்ள குளத்தின் வாய். இப்படிச் சங்கிலியாகக் கோத்த குளங்களில் ஒன்று நிரம்பினால்தான் அடுத்தது நிரம்பும். ஐப்பசி கார்த்திகையில், ‘குளம் மறுகால் பாயுது’ என்ற செய்தி பரவினால், அந்த ஊரார் அடைகிற சந்தோஷத்துக்குச் சமமாகக் கீழூராரும் சந்தோஷப்படுவார்கள். அடுத்தது தங்கள் முறை என்று அவர்களுக்குத் தெரியும்.

பழைய மடைகளின் அமைப்பை ஒருமுறை அருகே சென்று பார்ப்பது பெரிய கல்வி. வேனிலில் நீர் வற்றிய பின்பு குளத்துக்குள் இறங்கினால், கரையிலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு கற்றூண்கள் நிமிர்ந்து நிற்பதையும், குறுக்குக் கற்கள் அவற்றை இணைப்பதையும் காணலாம். தூண்களின் அடியில் பூமிக்குள் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் வட்டமான நீரோடித் துளை. அடிமட்டத்தில் அதைவிடச் சிறிய சேறோடித் துளைகள். நீரோடித் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கிவிட்டால், மேலிருந்து தெளிந்த நீர் தொட்டிக்குள் இறங்கும். அந்த இழுப்பில் அடியிலுள்ள சேறும் சிறு துளைகளின் வழியே உள்ளே வந்து, இரண்டும் கலந்து கரைக்கு அடியில் உள்ள சுருங்கை வழியாக வயலுக்குப் போய்விடும். இதனால் ஒரே காரியத்தில் மூன்று பயன்கள் விளைகின்றன: பயிருக்கு நீர் கிடைக்கிறது, வண்டலாகிய உரம் கிடைக்கிறது, மடையைச் சுற்றிச் சேறு படிந்து குளம் தூர்ந்துபோகாமலும் இருக்கிறது. யந்திரம் ஒன்றும் இல்லாத காலத்தில், நீரின் பாரத்தையே கருவியாகக் கொண்டு நீரையும் சேற்றையும் நடத்திய அந்தக் கற்றச்சர்களின் புத்தி நுட்பம் வணக்கத்துக்கு உரியது. இவ்வளவும் போக எஞ்சிய வண்டலைக் கோடையில் ஊரார் வண்டி வண்டியாக வெட்டி எடுத்துத் தங்கள் வயலில் கொட்டுவார்கள். கரம்பை அடிப்பது என்று இதற்குப் பெயர். வயலுக்கு எருவும் குளத்துக்கு ஆழமும் ஒரே வேலையில் கிடைத்துவிடும்.

குளத்து நாட்டின் சௌந்தரியத்தைக் கண்ணால் கண்டு அனுபவிக்க விரும்புகிறவர் இலஞ்சிக்குப் போக வேண்டும். தென்காசி நகரம் விரிந்து விரிந்து இப்போது ஏறக்குறைய இலஞ்சியைத் தொட்டுவிட்டது. குற்றாலமும் கூப்பிடு தூரந்தான். இவ்வளவு நெருக்கத்திலும், வயலும் குளமும் சூழ்ந்த கிராமத்தின் சாயல் அவ்வூரை விட்டு முற்றும் நீங்கிவிடவில்லை. சிற்றாற்றங்கரையில் கோயில் கொண்டிருக்கும் இலஞ்சிக் குமாரரை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியிருக்கிறார். குளக்கரையில் காலைப்பொழுதில் நின்று பார்த்தால், குற்றாலத்தின் திரிகூட மலை முழுவதும் தலைகீழாக நீரில் இறங்கி நிற்பதைக் காணலாம். சாரல் ஒரு புறமிருந்து நகர்ந்து வந்து அந்தப் பிம்பத்தைக் கலைத்துவிட்டுப் போகும். வெயில் வந்தவுடன் மலை மறுபடியும் நீருக்குள் வந்துவிடும். அல்லிக்கொடிகளின் ஊடே நாமக்கோழி நீந்திப்போகும். பாம்புத்தாரா மூழ்கி எழுந்து பட்டமரத்தில் சிறகை விரித்து உலர்த்தும். ஐந்தருவிச் சாலையில் உள்ள வெண்ணமடைக் குளத்தில் சீசன் காலத்தில் படகுகள் விடுகிறார்கள். அந்தப் படகில் ஏறும் குழந்தைகளுக்குப் பெற்றோர்கள், இது வேடிக்கைக்காக வெட்டிய தடாகம் அல்ல, ஒரு பாசனக் குளம் என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் எவ்வளவோ நன்மை உண்டு.

திரிகூட மலையில் உற்பத்தியாகி, சுமார் 80 கிலோமீட்டர் ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாறும் அனுமன் நதியைப் போலவே பல அணைக்கட்டுகளால் தடுத்துத் தடுத்துக் கால்களாகப் பிரிக்கப்பட்டது. குற்றாலத்தின் அடிவாரத்திலிருந்து தொடங்கி அக்கால்கள் நிரப்பும் குளவரிசையின் வால்பகுதியில் இருப்பது மானூர்ப் பெரியகுளம். இந்த மானூருக்கு ஒரு சரித்திர விசேஷம் உண்டு. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று அவ்வூர்ச் சிவாலயத்தில் இருக்கிறது. ஊர்ச்சபையில் அமர்வதற்கு என்னென்ன யோக்கியதை வேண்டும் என்று அது விதிக்கிறது. எடுத்த காரியத்துக்கெல்லாம் குறுக்கே நின்று ‘கூடாது’ என்று தடுப்பவருக்கு அபராதமும் விதிக்கிறது. உலகமெல்லாம் புகழும் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும் முற்பட்டது இது. குளத்தையும் காலையும் ஒரு தனி மனிதன் காப்பாற்றிவிட முடியாது. ஊர் கூடி முடிவு செய்து ஊர் கூடிச் செய்ய வேண்டிய தர்மம் அது. நீர்ப்பங்கீட்டை நம்பி வாழ்ந்த ஒரு மூலையில் ஊர்ச்சபையின் ஒழுங்கு இத்தனை தீவிரமாக எண்ணப்பட்டிருப்பது எனக்கு மிகவும் இயல்பாகத் தோன்றுகிறது.

நீரைத் தேக்குவது அரச தர்மத்தின் தலையாய பகுதி என்ற கொள்கை இந்நாட்டில் மிகப் பழமையானது. சங்க காலத்திலேயே குடபுலவியனார் என்னும் புலவர், பாண்டியன் நெடுஞ்செழியனிடம், உணவென்பது நிலமும் நீரும் சேர்ந்ததே என்றும், பள்ளமான இடங்களில் நீர்நிலை பெருகச் செய்தவர்களே உலகில் தம் பெயரை நிலைநாட்டியவர்கள் என்றும் புறநானூற்றுப் பாடல் ஒன்றில் உபதேசித்திருக்கிறார். கடல் கடந்த இலங்கையிலும் வறண்ட பகுதிகளில் இதே போன்ற தொடர் குளங்கள் பண்டைக்காலம் முதல் உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அவற்றை உலகம் பேணவேண்டிய வேளாண்மைப் பாரம்பரியங்களுள் ஒன்றாக அங்கீகரித்திருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ள ஏரி குளங்கள் ஏறத்தாழ 39,000. எண்ணிக்கையிலும் தொன்மையிலும் எவருக்கும் பின்வாங்காத இந்தச் செல்வத்தின் மதிப்பை நாமே இன்னும் முழுமையாக உணர்ந்தபாடில்லை.

வடகரையின் பெயர் பாளையக்காரர் காலத்துச் சரித்திரத்தில் அடிக்கடி அடிபடும். சொக்கம்பட்டியைத் தலைநகராகக் கொண்ட பாளையத்தை வடகரை ஆதிக்கம் என்றே அக்காலத்தார் வழங்கினார்கள். திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பாளையங்களில் அது மிகவும் பலமுடையது. கலையும் கவிதையும் இம்மலையடிவாரத்தில் குறைவில்லாமல் செழித்தன. தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். வீரகேரளம்புதூரில் இருந்து ஆண்ட ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்தால் புகழ்பெற்றார். நம் தலைமுறைக்குச் சற்று முன்னே ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்து, வந்தவர்களுக்கெல்லாம் தமிழ்க் கவிதையை விருந்தாகப் பரிமாறினார். நீர் தங்கின இடத்தில் நெல் தங்கும். நெல் தங்கின இடத்தில்தான் கவிஞனும் தங்க முடியும். குளங்கள் கொடுத்த விளைச்சல் இல்லாவிட்டால் இந்த ரசனை வாழ்வுக்கு ஆதாரம் ஏது?

இக்காலத்து வடகரை, இந்துக்களும் முஸ்லிம்களும் பெருந்தொகையாகச் சேர்ந்து வாழும் ஒரு பேரூராட்சி. பள்ளிவாசலின் பாங்கும் கோயில் மணியும் ஒரே வயல்வெளியில் கேட்கும். மடை திறக்கும் முறை வரும்போது நீர் எந்த மதத்தாருடைய வயல் என்று பார்த்துப் பாய்வதில்லை. தென்னை, மா, நெல் இவையே இவ்வூராரின் பிரதானமான சம்பத்து. இவற்றை நம்பியிருப்பவர்களுக்குச் சமீப காலத்தில் ஏற்பட்டிருக்கும் பெரிய கவலை யானை. மேக்கரைக் காட்டிலிருந்து இரவில் இறங்கிவரும் யானைகள், பல ஆண்டுகள் வளர்த்த தென்னையை ஒரே இரவில் குருத்துக்காகச் சாய்த்துவிட்டுப் போகின்றன. மாமரமும் நெற்பயிரும் அவற்றின் காலடியில் நாசமாகின்றன. தோப்புக்காரர்கள் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருக்கிறார்கள். காடும் வயலும் ஓர் அடிக்கு ஓர் அடி ஒட்டியிருக்கும் நிலத்தில் இந்தத் துயரம் விவசாயிக்கும் உண்டு, யானைக்கும் உண்டு. இருவருக்கும் நியாயமான ஏற்பாட்டை வனத்துறையும் விவசாயிகளும் கலந்து செய்வதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. நஷ்டஈடு உரிய காலத்தில் கிடைக்க வேண்டும் என்ற விவசாயிகளுடைய கோரிக்கை மிகவும் தர்மமானது.

யானையைவிடச் சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கும் ஆபத்து மற்றொன்று. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகரமாயிற்று. அலுவலகங்கள் வந்தன, அவற்றோடு குடியிருப்புகளும் வந்தன, வயல்களில் வண்ணக் கற்கள் நட்டு மனைகளாக விற்பதும் வந்தது. ஊர் வளருவதை யாரும் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் படிக்கவும் நோயாளிகள் வைத்தியம் செய்துகொள்ளவும் நகரம் வேண்டும். ஆனால் மனை போடுகிறவர் கண்ணுக்கு, ஆண்டில் பத்து மாதம் உலர்ந்து கிடக்கும் மறுகால் ஓடை ஒரு வெற்றிடமாகத் தோன்றுகிறது; அதை மூடி வழியாக்கிவிடுகிறார். அந்த ஒரு ஓடை மூடப்பட்டால், கீழே உள்ள குளங்கள் அத்தனைக்கும் வரத்து அற்றுப்போகிறது. மேலே உள்ள குளமோ வழிய இடமில்லாமல் வெள்ளக் காலத்தில் கரையை உடைத்துக்கொண்டு அதே மனைகளுக்குள் புகுகிறது. கழிவுநீர் விழும் குளங்களில் ஆகாயத்தாமரை படர்ந்து நீர்ப்பரப்பையே மூடிவிடுகிறது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், கீழே தாமிரபரணிச் சமவெளியில் பெய்த பேய்மழையையும் (காயல்பட்டினத்தில் மாத்திரம் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது), அதனால் குளங்கள் பல உடைந்து ஊர்கள் தீவாகி நின்ற காட்சியையும் நம்மில் யார் மறக்க முடியும்? 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளமும் மலை நீரின் வேகம் எத்தகையது என்பதை நினைவூட்டியது. அந்த வேகத்தை அடக்கிப் பரப்பி நிதானப்படுத்தும் சக்தி குளங்களுக்கும் ஓடைகளுக்குமே உண்டு.

இந்தக் குளங்கள் ஏன் கவனிப்பாரற்றுப் போயின என்பதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. முற்காலத்தில் கரையை உயர்த்துவதும் காலைத் தூர்வாருவதும் குடிமராமத்து என்ற பெயரில் ஊராரின் பொதுக்கடமையாக இருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் வருவாயும் அதிகாரமும் சர்க்காரிடம் போய்ச் சேர்ந்தபின் அந்தச் சம்பிரதாயம் தளர்ந்தது. அதை மீட்க 1858-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக்கூட இயற்றியது. உரிமையைப் பறித்துக்கொண்டு கடமையை மாத்திரம் சட்டத்தால் வாங்க முடியுமா? அந்த முயற்சி பலிக்கவில்லை. பின்னர் கிணறும் பம்பு செட்டும் வந்தபோது, குளம் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் விவசாயிகளுக்கே உண்டாயிற்று. குளம் நிறைந்தால்தான் கிணறு ஊறும் என்ற உண்மையைச் சில வறட்சிகள் வந்துதான் மறுபடியும் கற்பிக்க வேண்டியிருந்தது.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் போய்விடவில்லை. 2011-ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டித் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் அதிகாலையில் குளக்கரைகளில் பைனாக்குலரோடு நின்று, தூரதேசங்களிலிருந்து வலசை வரும் வாத்துகளையும் நம் நாட்டு நாரை, கொக்குகளையும் எண்ணிப் பதிவு செய்கிறார்கள். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி ஆகிய மூன்று மாவட்டக் குளங்களுக்கும் இது ஒரு ஆரோக்கியப் பரிசோதனை. தன் ஊர்க் குளத்துக்கு வரும் பறவையின் பெயரை அறிந்த பிள்ளை, நாளைக்கு அந்தக் குளத்தில் குப்பை கொட்டச் சம்மதிக்கமாட்டான்.

தென்காசிப் பெரியகோயிலை 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன், அந்தக் கோயில் பிற்காலத்தில் பழுதுபட்டால் அதைச் செப்பனிட முன்வருபவர் யாராயினும் அவர்கள் பாதங்களைத் தான் இப்போதே வணங்குவதாகக் கல்லில் எழுதி வைத்திருக்கிறான். சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்ற இராஜகோபுரம் 1990-ஆம் ஆண்டில் திரும்ப எழுந்து குடமுழுக்குக் கண்டது. ஒரு மன்னனின் வேண்டுகோளைப் பல நூற்றாண்டுகள் கழித்துப் பொதுமக்கள் நிறைவேற்றினார்கள். கட்டுவது ஒருவன் காரியம், காப்பது எல்லோருடைய காரியம் என்ற இந்த நியாயம் குளத்துக்கும் முழுக்கப் பொருந்தும். கரைமேல் கல்வெட்டு வைக்காமல் குளம் வெட்டிவிட்டுப் போன எத்தனையோ பேருடைய வேண்டுகோளும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே இந்தச் சீசனில் குற்றாலத்துக்கு வருகிற அன்பர்கள், சோப்பும் ஷாம்பூவும் பிளாஸ்டிக் உறைகளும் அருவியில் சேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் குளித்துவிட்டுப் போகும் நீரைத்தான் கீழே ஓர் ஊர் குடிக்கிறது, ஒரு வயல் உண்கிறது. அரை நாள் ஒதுக்கி வடகரைக்கும் இலத்தூருக்கும் இலஞ்சிக்கும் போய்க் குளக்கரையில் நடந்து பாருங்கள். உள்ளூர்ச் சகோதரர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கமானது: மனை வாங்குமுன் கிராமக் கணக்கில் அந்த இடத்தின் பக்கத்தில் ஓடை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதை அப்படியே விட்டுவையுங்கள். மழைக்கு முன் ஒரு நாள் ஊர் கூடி உங்கள் குளத்தின் மறுகாலையும் வரத்துக்காலையும் சுத்தம் செய்யுங்கள். சர்க்கார் செய்ய வேண்டிய பெரிய மராமத்தைக் கேட்டு வாங்குங்கள். மலை தன் கடமையை இன்னும் மறந்துவிடவில்லை. நம்முடைய கடமையை நாம் செய்தால் இந்நாட்டில் காரும் பிசானமும் என்றும் பொய்க்கமாட்டா.